பழைய ஷெவ்ரோலே பிக்கப்பைக் குறைந்த செலவில் ரேட் ராட் ஆக்குவது எப்படி?

பளபளக்கும் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் பணத்தைக் கொட்டிக் காட்சிக்கு மட்டுமே நிறுத்தப்பட்ட ஹாட் ராட் வண்டிகளில் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்கள்) சலிப்புற்ற அமெரிக்கர்கள், துருவும் தேய்மானமும் வெளியே தெரிய ஓட்டும் ரேட் ராட் பாணியை வளர்த்தெடுத்தனர். 1947 முதல் 1953 வரை தயாரான ஷெவ்ரோலே 3100 பிக்கப், உருண்ட மட்கார்டுகளும் ஐந்து கிடைமட்டப் பட்டைகள் கொண்ட முகப்பும் உடையது என்பதால், இந்தப் பாணிக்கு மிகவும் பொருந்தும்.

கையில் உள்ள பணத்தை முதலில் பிரேக்குக்கே ஒதுக்க வேண்டும். இந்த வண்டியின் நான்கு டிரம் பிரேக்குகளும் பெடலை மிதிக்கையில் திரவத்தை அழுத்தும் ஒரே மாஸ்டர் சிலிண்டரின் ஒரே திரவச் சுற்றை நம்பியிருப்பதால், எங்காவது ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் ஒருசேரச் செயலிழந்துவிடும். குழாய்களையும், சக்கரங்களில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர்களையும் மாற்றிய பிறகே அழகைப் பற்றி நினைக்கலாம்.

தோற்றத்தில் பாதியைத் தீர்மானிப்பது வண்டியின் உயரம். பின்பக்கம், இரும்புத் தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே இரண்டு அங்குல இரும்புக் கட்டையை வைத்து, நீளமான யு போல்ட்டுகளால் இறுக்கலாம். முன் அச்சில் கட்டை வைப்பதை நான் ஏற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது எழும் விசை அங்கேதான் அதிகம். அங்கே பிரதானத் தகட்டைத் தொடாமல், கீழ்த்தகடுகளில் ஒன்றிரண்டைக் கழற்றுவதே நல்லது. வீல் கப்புகளை எடுத்துவிட்டு, இரும்பு ரிம்களுக்கு அடர்சிவப்பு பூசினால், மங்கிய உடலுக்கு எதிரே அந்த நிறம் தூக்கலாகத் தெரியும்.

இனி பெயின்ட். ஓட்டுநர் பல ஆண்டுகள் முழங்கை வைத்து ஓட்டிய கதவின் மேல்விளிம்பை அருகில் சென்று பாருங்கள்: பச்சை நிறம் மெலிந்து, அடியில் பிரைமர் தெரிந்து, நடுவில் இரும்பு வழவழப்பாக மின்னும். அதை யாரும் கடையில் வாங்க முடியாது; எனவே உள்ள பெயின்ட்டை அழிக்கவே வேண்டாம். புதிதாக மாற்றிய பாகத்தை மட்டும் உடலோடு ஒத்துப்போகச் செய்ய, வெயிலும் கையும் படும் இடங்களில் நீர் ஊற்றி எமரித் தாளால் தேய்க்கலாம். அக்காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், ஒருபோதும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். முகக்கவசம் இல்லாமலும் தேய்க்காதீர்கள்.

உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் அகற்றி, சோப்பு நீரால் கழுவி, முழுதும் காய விடுங்கள். பிறகு, கடைகளில் 'பாயில்டு' என்ற பெயரில் விற்கும் ஆளிவிதை எண்ணெயையும் மினரல் டர்பென்டைனையும் சம அளவில் கலந்து மெல்லியதாகத் தடவி, சிறிது நேரத்தில் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். வெளிறிய நிறம் ஆழம் பெறும். துரு பழுப்புச் சிவப்பாக உயிர்பெறும். ஈரமும் எளிதில் உள்ளே இறங்காது. எண்ணெய் மங்கும்போதெல்லாம் மீண்டும் தடவ வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் மூழ்கவைத்து மூடி, பட்டறைக்கு வெளியே வையுங்கள்.