பிரபலம் எதிரே வந்தால் ஒரு வாக்கியம் போதும்

பிரபலமான ஒருவரைத் தற்செயலாகப் பார்த்தால், "நான் உங்கள் தீவிர ரசிகன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருடைய வேலையில் உங்களுக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "சரி, உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை, வருகிறேன்" என்று நீங்களே விடைபெறுங்கள்.

"ரசிகன்" என்றால் அவர் "நன்றி" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? "அந்தக் கடைசி ஓவரில் ஃபீல்டரை முன்னால் கொண்டுவந்தீர்களே, அருமை" என்று சொன்னால் பதில் பேச அவருக்கும் ஒன்று கிடைக்கிறது. விடைபெறுவது அதைவிட முக்கியம். தெரியாத ஒருவர் நெருங்கி வந்தால், இது எவ்வளவு நேரம் இழுக்குமோ என்ற கவலைதான் முதலில் வரும். அது தீர்ந்துவிட்டால் சிலர் தாங்களாகவே நின்று இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள்.

போட்டோ வேண்டுமென்றால், கேட்பதற்கு முன்பே செல்ஃபி கேமராவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லாக்கை எடுத்து, கேமராவைத் திருப்பி நீங்கள் தடுமாறும் நேரத்தில்தான் மற்றவர்கள் கவனித்துக் கூட்டம் சேர்கிறது.

அவர் சாப்பிட்டுக்கொண்டோ போனில் பேசிக்கொண்டோ இருந்தாலும், கூடக் குழந்தைகள் இருந்தாலும் இதெல்லாம் வேண்டாம், ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். மருத்துவமனை, துக்க வீடு என்றால் அதுகூடத் தேவையில்லை. அப்புறம், முகம் மட்டும் தெரிந்து அவர் செய்த வேலை எதுவும் தெரியாவிட்டால் இட்டுக்கட்டிப் புகழாதீர்கள், வெறும் வணக்கம் போதும்.