டிஜே மிக்ஸ் ஆல்பத்தைக் கேட்டுக் கருத்துச் சொல்வது எப்படி? ப்ரோக்ரெசிவ் ஹவுஸ் புதிதாகக் கேட்பவர்களுக்கு

ஒரு மிக்ஸ் ஆல்பம், அதாவது ஒரு டிஜே பல ட்ராக்குகளை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டித் தரும் ஆல்பம், எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்கள் "வேற லெவல்", "போர்", "எல்லாம் ஒரே பாட்டு மாதிரியே இருக்கு" என்பவைதான். மூன்றுமே மனதில் பட்டதைச் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் அதை வைத்து இன்னொருவர் அந்த ஆல்பத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது, மிக்ஸ் போட்டவருக்கும் எதைத் திருத்துவது என்று புரியாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இந்த இசை கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். புதிதாக உள்ளே வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இதுதான்: எதைக் கவனிப்பது, என்ன சொல்வது? இசை படித்திருக்கத் தேவையில்லை, ஒரு ஹெட்போனும் ஒரு பேப்பரும் போதும்.

ஆரம்பிக்கும் முன் சுருக்கமாக ஒரு அறிமுகம். ப்ரோக்ரெசிவ் ஹவுஸ் 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவான நடன இசை. நிமிடத்துக்கு 120 முதல் 130 பீட் வரை ஓடும், ஒவ்வொரு பீட்டிலும் கிக் டிரம், அதாவது 'தும்' என்ற அடி, விழும், பாடல் வரிகள் குறைவு, சத்தங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சாஷா, ஜான் டிக்வீட் என்ற இரண்டு டிஜேக்கள் 1994இல் ரெனைசன்ஸ் கிளப்பின் பெயரில் மூன்று சிடி கொண்ட மிக்ஸ் ஆல்பத்தைக் கொடுத்தார்கள், 1996இல் அதே ஜோடியின் 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' இரண்டு சிடிகளாக வந்தது, அதே ஆண்டுதான் ஒரு டிஜே, ஒரு ஊர் என்ற கணக்கில் 'குளோபல் அண்டர்கிரவுண்ட்' தொடரும் ஆரம்பித்தது. இவற்றில் உள்ள ட்ராக்குகளில் பெரும்பாலானவை வேறு யாரோ செய்தவை. டிஜேயின் வேலை மூன்று: எதை எடுப்பது, எந்த வரிசையில் வைப்பது, எப்படி ஒட்டுவது. ஆகவே நம் கருத்தும் இந்த மூன்றைப் பற்றித்தான் இருக்க வேண்டும். "ஏழாவது பாட்டு சூப்பர்" என்பது அந்தப் பாட்டைச் செய்தவருக்குப் போக வேண்டிய பாராட்டு.

படி 1: சரியான ஃபைல், சரியான செட்டிங்

மிக்ஸ் ஆல்பங்கள் ஆன்லைனில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, ட்ராக்குகள் தனித்தனியாக, முழு நீளத்தில், ஒட்டாமல் இருப்பது. இன்னொன்று, கன்டினியூஸ் மிக்ஸ் என்று போட்டு ஒரே நீளமாக இருப்பது. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மிக்ஸையே துண்டுதுண்டாக வெட்டிப் போட்டிருந்தால் ஆப்பில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், இடைவெளி இல்லாமல் ஓடும் கேப்லெஸ் வசதியைப் போடுங்கள், ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஆப்பே கலக்கும் கிராஸ்ஃபேடை மறக்காமல் அணையுங்கள். கிராஸ்ஃபேட் ஓடிக்கொண்டிருந்தால் டிஜே செய்த ஒட்டின் மேல் உங்கள் ஃபோன் தன் பங்குக்கு இன்னொரு ஒட்டைப் போடும், அதைக் கேட்டுவிட்டு "மிக்ஸிங் சரியில்லை" என்று எழுதினால் பழி டிஜே மேல் விழும்.

அப்புறம், வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். 75 நிமிட மிக்ஸ் 320 கேபிபிஎஸ் தரத்தில் 180 எம்பி வரும். மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வரும், நடுவில் அறுந்த மிக்ஸை மறுபடி ஒட்டிக் கேட்க முடியாது.

படி 2: எங்கே கேட்கிறீர்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

இதைப் பலர் ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை. ஆனால் மலையில் இருக்கிற நமக்கு இதுதான் பாதிப் பிரச்சினை. ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரியில் மழை பிடித்தால் விடாது. தகரக் கூரை போட்ட வீட்டில் அந்தச் சத்தம் 'ஸ்ஸ்' என்று ஒரே திரையாக இறங்கும். மிக்ஸில் ஹைஹாட் (டிரம் செட்டில் 'சிக் சிக்' என்று ஒலிக்கும் தட்டு), ஷேக்கர் போன்ற மெல்லிய சத்தங்களும் கிட்டத்தட்ட அதே சுருதி உயரத்தில்தான் இருக்கும், மழை அவற்றை முழுசாக விழுங்கிவிடும். அடுத்த ட்ராக் பெரும்பாலும் அந்தச் சத்தங்கள் வழியாகத்தான் முதலில் உள்ளே வரும் என்பதால், மழைநாளில் கேட்டவருக்கு ட்ராக் திடீரென்று மாறியது போல் இருக்கும்.

பஸ்ஸில் இதற்கு நேர்மாறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டிரைவர் கீழ் கியரிலேயே வைத்துக்கொண்டு வருவார், இன்ஜின் உறுமல் ஹெட்போனுக்குள் புகுந்து பேஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலி, முழுவதையும் மூடிவிடும். மேலே ஹைஹாட் மட்டும் டிக் டிக் என்று கேட்கும். போதாததற்கு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் கடகடவென்று இறங்குகிறோம், பர்லியாறு வருவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ காது திறக்கும்வரை கேட்பதெல்லாம் மங்கல்தான். அந்த நேரத்தில் ஒரு ஆல்பத்தைத் தட்டையாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது அநியாயம்.

பஸ்ஸில் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. பேப்பரின் மேலே இடத்தை எழுதிவிடுங்கள்: பஸ், இயர்போன். அல்லது: வீடு, இரவு, மழை இல்லை, பெரிய ஹெட்போன். கருத்தைப் படிப்பவருக்கு இந்த ஒரு வரி நிறையச் சொல்லும். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், அதில் பேஸ் இருக்காது, பேஸ் இல்லாமல் இந்த இசையில் பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

படி 3: முதல் தடவை சும்மா கேளுங்கள்

எழுத வேண்டாம், நிறுத்த வேண்டாம், முன்னால் தள்ள வேண்டாம். ஒரு சிடி முழுக்க. அலுப்புத் தட்டினாலும் போகட்டும், அதுவும் பின்னால் எழுதத் தேவைப்படும்.

பழகுவதற்கு எந்த ஆல்பம் என்று கேட்டால், நார்தர்ன் எக்ஸ்போஷரின் முதல் சிடியைத்தான் சொல்வேன். அவசரமே இல்லாமல் ஆரம்பிக்கும், ட்ராக்குகளுக்கு இடையில் நிறைய மூச்சு விட்டிருப்பார்கள். கிளப்பில் ஆடுவதற்கென்று மட்டும் யோசிக்காமல் வீட்டில் உட்கார்ந்து கேட்பவரையும் மனதில் வைத்துச் செய்தது. வேகமான ஆட்டம் எதிர்பார்ப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

படி 4: எண்ணிப் பழகுங்கள்

15 நொடியில் எத்தனை கிக் விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 31 வந்தால் 124 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 124 பீட். ஆரம்பத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை செய்தால் போதும், டிஜே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா, ஒரே இடத்தில் வைத்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார். இந்த இசையில் பெரிய மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் 8, 16, 32 பார் என்ற கணக்கில்தான் வரும். 125 பிபிஎம்மில் 32 பார் என்றால் ஒரு நிமிடமும் ஒன்றரை நொடியும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தால் இதோ இப்போது ஏதோ மாறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். அப்படி எதிர்பார்த்த இடத்தில் மாறாமல் இன்னும் எட்டு பார் இழுத்தடித்தால் அது டிஜே வேண்டுமென்றே செய்ததா, தவறவிட்டதா என்று யோசிக்கலாம். கருத்து என்பது அங்கேதான் பிறக்கிறது.

படி 5: ஓரிரண்டு ட்ரான்சிஷனை (ஒரு ட்ராக்கிலிருந்து அடுத்ததுக்கு மாறும் ஒட்டை) எடுத்து அலசுங்கள்

முழு ஆல்பத்தையும் ஆராய வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரு ஒட்டு, பிடிக்காத ஒரு ஒட்டு, இரண்டு போதும். அந்த இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய் நிறுத்தி, மூன்று தடவை கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு.

முதல் தடவை ஹைஹாட். பழைய ட்ராக் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பக்கமோ வலது பக்கமோ புதிதாக ஒரு 'சிக் சிக்' மெல்லிதாகச் சேரும். அது எந்த நிமிடத்தில் முதன்முதலாகக் காதில் விழுகிறது என்று எழுதுங்கள். புதிய ட்ராக் பிறந்த நேரம் அதுதான்.

இரண்டாவது தடவை பேஸ் மட்டும். இரண்டு ட்ராக்கின் பேஸும் சேர்ந்து ஒலித்தால் சேறு மாதிரி குழம்பிவிடும், அதனால் டிஜே மிக்சரில் ஒன்றின் பேஸைத் திருகி இறக்கிவிட்டு மற்றதை ஏற்றுவார். நல்ல கையாக இருந்தால் ஒரு பார் முடிந்து அடுத்த பார் தொடங்கும் அந்த முதல் கிக்கில் பேஸ் கைமாறிவிடும், உடம்புக்குத் தெரியும், காதுக்குச் சட்டென்று தெரியாது. இந்த ஒரு நொடியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அப்புறம் எந்த மிக்ஸிலும் உங்களால் அதைத் தவறவிட முடியாது.

மூன்றாவது தடவை மெலடி. பழைய ட்ராக்கின் ராகம் போனதா, இன்னும் மேலே மிதந்துகொண்டிருக்கிறதா? புதிய ராகத்தோடு சுருதி சேர்கிறதா? சேராவிட்டால் பல் கூசுவது போல் இருக்கும், சுருதி பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் அது தெரியும். சில டிஜேக்கள் மொத்த ஒட்டையும் இரண்டு நிமிடம் வரை இழுப்பார்கள், அந்த இரண்டு நிமிடமும் பழையதும் இல்லாத புதியதும் இல்லாத மூன்றாவது ட்ராக் ஒன்று ஓடும். நான் மிக்ஸ் ஆல்பம் கேட்பதே அதற்காகத்தான்.

ட்ராக் நம்பரை எழுதாதீர்கள், நிமிடத்தை எழுதுங்கள். ட்ராக் மாறும் குறி பெரும்பாலும் ஒட்டின் நடுவில் எங்கேயோ இருக்கும், "நாலாவது நல்லா இருக்கு" என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்றே புரியாது.

படி 6: மேடு பள்ளம்

ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, உற்சாகம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஆல்பத்தின் உருவம் தெரியும். கிக் நின்றுபோய் மெலடி மட்டும் ஓடும் ப்ரேக்டவுன் எங்கெங்கே வருகிறது என்பதையும் குறியுங்கள். இவ்வளவுதான் இந்தப் படி.

படி 7: எழுதுங்கள்

கோத்தகிரியில் என் அத்தை மகன் லேப்டாப்பில் ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்று செய்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினான். வேன் ஓட்டுகிற ஒரு அண்ணன் சொன்னது: "நடுவுல ஒரு பத்து நிமிஷம் தூக்கம் வருது தம்பி." தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற நண்பன், மெஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டுவிட்டு, "அடி மட்டும் கேட்டுச்சு, அடி நல்லா இருக்கு" என்றான். கல்லூரியில் படிக்கும் என் தங்கை அவனுக்கு அனுப்பியது இது: "மச்சான், ராத்திரி ஹெட்போன்ல கேட்டேன். 38ஆவது நிமிஷத்துல ரெண்டு பேஸும் மோதுது, ஒரு அரை நிமிஷம் ஒண்ணும் புரியல. ஆனா 22ல பழைய பியானோவை விடாம அது மேலயே புதுசைக் கொண்டு வந்த பாரு, அதை மட்டும் நாலஞ்சு வாட்டி கேட்டேன். 30ல இருந்து 37 வரைக்கும் ரெண்டு ப்ரேக்டவுன் அடுத்தடுத்து வருது, ஒண்ணைத் தூக்கிடு."

மூன்று பேர் சொன்னதும் உண்மை. அண்ணனுக்குத் தூக்கம் வந்த அந்தப் பத்து நிமிடம்தான் தங்கை சொன்ன இரண்டு ப்ரேக்டவுன். அவள் எழுதியதில் இடம், நிமிடம், நடந்தது, தனக்கு எப்படி இருந்தது, நான்கும் இருப்பதால் அவன் அன்றைக்கே அதை மாற்ற முடிந்தது. உங்கள் கருத்திலும் இந்த நான்கும் இருந்தால் நீளம் ஐந்து வரி போதும். மார்க் போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள், நான் போடுவதில்லை.

படி 8: மற்றவர்கள் கருத்தைப் படிப்பது

உங்களுடையதை எழுதி முடித்த பிறகுதான் படிக்க வேண்டும், முன்னால் படித்தால் அவர்கள் காதால்தான் கேட்பீர்கள். படிக்கும்போது சில சண்டைகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு ஆல்பத்தில் முதல் சிடி நல்லதா இரண்டாவதா என்பது ஒன்று. பழைய ஆல்பங்கள்தான் ஒசத்தி என்பது இன்னொன்று, அதில் பாதி அந்த வயதின் மேல் உள்ள பிரியம், அதை மதிக்கலாம், அப்படியே ஏற்க வேண்டாம். பெரிய சண்டை கம்ப்யூட்டரைப் பற்றியது. 2004இல் சாஷா 'இன்வால்வர்' ஆல்பத்தை ஏபிள்டன் லைவ் மென்பொருளில் செய்தார், மற்றவர்களின் ட்ராக்குகளைப் பிரித்து மறுபடி கட்டிக் கோத்தார். கை நடுங்காமல் இரண்டு டெக்கில் (ரெக்கார்டோ சிடியோ ஓட்டும் கருவியில்) வைத்து ஒட்டுவதுதான் மிக்ஸ், இது ஏமாற்று என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. என் முடிவு தெளிவானது: ஆல்பம் என்று வந்துவிட்டால் காதில் விழுவதுதான் கணக்கு. எந்தக் கருவியில் செய்தார் என்பது தகவல், கருத்து அதன் பிறகு வர வேண்டும்.

படி 9: இரண்டாவது ஆல்பத்தோடு ஒப்பிடுங்கள்

ஒரு ஆல்பத்தை மட்டும் கேட்டுச் சொல்லும் கருத்துக்குப் பிடிமானம் குறைவு. குன்னூரில் ஏலத்துக்கு முன்னால் தேயிலை ருசி பார்ப்பவர்கள் கப்புகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தூள், ஒரே தண்ணீர், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வார்கள், அப்போதுதான் வித்தியாசம் இலையில் இருக்கிறதா என்று தெரியும். அதே போல ஒரே ஹெட்போன், ஒரே வால்யூம், ஒரே அறை. நார்தர்ன் எக்ஸ்போஷர் முடித்திருந்தால் அடுத்து குளோபல் அண்டர்கிரவுண்ட் வரிசையில் டிக்வீட் தனியாகச் செய்த 1998ஆம் ஆண்டின் சிட்னி ஆல்பத்தை எடுங்கள், அதன் பிறகு சாஷா தனியாகச் செய்த 1999இன் இபிசா. ஜோடியாக இருந்தபோது கேட்டதில் எது யாருடைய பங்கு என்று ஊகிக்க இந்த இரண்டும் உதவும். மூன்றுக்கும் மேடு பள்ளக் கோட்டை ஒரே பேப்பரில் வேறு வேறு கலரில் போடுங்கள், எந்த இடத்தில் கோடுகள் பிரிகின்றனவோ அந்த நிமிடத்துக்குப் போய் மறுபடி கேட்டுவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.