தெருப்பெயர் திரட்டப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுனில் தெருப்பெயர் திரட்ட வருகிற இளையவர்கள் மாறி மாறி அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான படம் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றை வீட்டில் உட்கார்ந்தே திருத்திக்கொள்ளலாம்.

வரைபடத்தை முதலில் நீட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது. லிட்டில் இந்தியாவில் பூக்கடை வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாணவி ஒருத்தி கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி, "தாத்தா, லெபோ பாசாருக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சந்தைத் தெருன்னு எழுதிக்கம்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் பேரனைக் கூப்பிட்டு, "கடைத்தெருவுல வெத்தல வாங்கிட்டு வாடா" என்றார். அதே தெரு! மாணவியின் ஏட்டில் சந்தைத் தெருதான் ஏறியிருந்தது.

மலாயில் லெபோ என்றால் தெரு, பாசார் என்றால் சந்தை. வரைபடத்தைப் பார்த்ததும் பெரியவர்கள் நமக்கு உதவுவதாக நினைத்து இப்படி மொழிபெயர்த்துத் தருகிறார்கள். மறுபடி போய்க் கேட்டாலும் முதலில் சொன்னதையே சொல்வார்கள். பினாங்கு ஸ்திரீட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளை வைத்துக் கிட்டங்கித் தெரு என்று சொல்லிப் பழகிய நாக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. இப்படிக் கெடுத்துக்கொண்ட பேட்டியை மீட்கவே முடியாது.

பெயரைக் கேட்காதீர்கள். "சின்ன வயசுல வெத்தல வாங்க எங்க போவீங்க?" என்று பேச்சை எடுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். வரைபடத்தைக் கடைசியில் எடுங்கள், இடத்தை உறுதிசெய்ய மட்டும்.

ஒரு பெயரை ஒரே வகையில் அடைப்பது

பினாங்கு பாக்கு மரத்தால் வந்த பெயர். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் நகரத்துக்கு ஓர் ஆளுநரின் பெயர். ஆனால் 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனையைப் பாருங்கள். தஞ்சோங் என்றால் மலாயில் நிலமுனை, பெனாகா ஒரு மரம்; தஞ்சோங் பெனாகா என்பதில் நிலத்தின் வடிவமும் மரமும் சேர்ந்தே இருக்கின்றன. அதன்மேல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் ஏறி ஜார்ஜ்டவுன் ஆனது. மலாய்க்காரர்கள் வாயில் இன்றும் 'தஞ்சோங்' வழங்குகிறது. யார், எப்போது சொன்னது என்று ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

'பத்து' எல்லாம் பாறை என்பது

மலாயில் 'பத்து' என்றால் கல். பத்து ஃபெரிங்கி என்ற ஊர்ப்பெயரில் அது பாறை. பத்து தீகா (தீகா என்றால் மூன்று) போல எண்ணோடு வந்தால் மைல்கல். நம்மவர்கள் மூணாங்கட்டை, நாலாங்கட்டை என்பது அதைத்தான். கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலைக்குப் பெயர் தந்தது அருகில் ஓடும் பத்து ஆறு. அங்கே போய் மலைகளை எண்ணாதீர்கள்.

பழைய பெயரை அடித்துவிடுவது

பிட் ஸ்திரீட் பழைய பெயர், ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் இன்றைய பெயர். இரண்டையும் எழுதுங்கள்.

சொன்னவரின் வயதைக் குறிக்காமல் திரும்புவது

திரும்பாதீர்கள்.