ஸ்மார்ட் கான்ட்ராக்ட் ஆட்டோமேட்டிக் ஆடிட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது பிளாக்செயினில் ஓடும், பணத்தைக் கையாளும் புரோகிராம். அதில் ஓட்டை தேடும் கருவியான ஸ்லிதர், சாலிடிட்டி மொழியில் எழுதிய ஒரு புராஜெக்ட்டைச் சில நொடிகளில் அலசி முடித்துவிடும். 'ஹை', 'மீடியம்' அளவு எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றதும் ஆடிட் முடிந்ததாக நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

ஸ்டேடிக் அனாலிசிஸ், அதாவது கோடை ஓட்டாமலே வாசித்துச் செய்யும் சோதனை, பார்ப்பது பெரும்பாலும் கோடின் வடிவத்தைத்தான். பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் இருப்பைக் குறைக்கிறதா, வெளி அழைப்பு திருப்பித் தரும் மதிப்பைக் கவனிக்காமல் விடுகிறதா என்பது போன்றவை. 2016-ல் தி டாவோ என்ற முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) உறிஞ்சிய ரீஎன்ட்ரன்சி, அதாவது இருப்பு குறையும் முன்பே மறுபடி உள்ளே நுழைந்து பணம் எடுப்பது, இந்த வகை. இன்றைய கருவிகள் அதை எளிதில் பிடித்துவிடும். 2023 மார்ச்சில் ஆய்லர் ஃபைனான்ஸ் என்ற கடன் தளம் சுமார் 19.7 கோடி டாலரை இழந்தது வேறு வகை. கடன் வைத்திருப்பவர் தன் அடமானத்தை ரிசர்வுக்குத் தானமாகக் கொடுக்க ஒரு ஃபங்ஷன் இடம் தந்தது. கொடுத்த பிறகு கடனுக்கு ஈடாக அடமானம் மிஞ்சுகிறதா என்று அது பார்க்கவில்லை. எழுதியிருந்த வரிகளில் கோளாறு இல்லை. இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. அதைத் தேடும்படி கருவிக்குச் சொல்ல வேண்டியது நாம்தான்.

சொல்லும் வழி இன்வேரியன்ட், அதாவது எப்போதும் மெய்யாக இருக்க வேண்டிய விதி. "விலை மாறாத வரை, எந்த அழைப்பும் அழைத்தவரின் கணக்கை அடமானப் பற்றாக்குறையில் விடக் கூடாது" என்று எழுதி, சோதனைக் கருவிகளான எக்கிட்னாவிடமோ ஃபவுண்ட்ரியிடமோ கொடுத்தால், அதை உடைக்கும் அழைப்பு வரிசையை அவை தாறுமாறான உள்ளீடுகளைப் போட்டுத் தேடும். இதுதான் ஃபஸ்ஸிங்.

எதையுமே சோதிக்காத ஃபஸ்ஸிங்

அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். ஃபவுண்ட்ரியின் இயல்பு அமைப்பில் இன்வேரியன்ட் சோதனை 256 சுற்று, சுற்றுக்கு 500 அழைப்பு என ஓடும், மொத்தம் 1,28,000. எண் பிரமிக்க வைக்கிறது. ஆனால் டோக்கனே இல்லாத ஏதோ ஒரு முகவரியிலிருந்து ஏதோ ஒரு பிரம்மாண்டத் தொகையை டெபாசிட் செய்தால் அழைப்பு ரிவர்ட் ஆகும், அதாவது எதையும் மாற்றாமல் ரத்தாகும். ரிவர்ட்டை ஃபவுண்ட்ரி தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்கள் அமைப்பில் மாற்றினாலொழிய. அதனால் எல்லா அழைப்பும் ரிவர்ட் ஆகியும் சோதனை பச்சையாகவே நிற்கும்.

இதற்கு ஹேண்ட்லர் கான்ட்ராக்ட் எழுதுங்கள்: ஃபஸ்ஸரின் அழைப்புகளைச் சரியான உள்ளீடாக்கி உண்மையான கான்ட்ராக்ட்டுக்கு அனுப்பும் இடைத்தரகர் அது. மூன்று முதல் ஐந்து பயனர்கள், ஒவ்வொருவர் கையிலும் டோக்கன், தொகையை 0-க்கும் அவர் இருப்புக்கும் இடையில் அடக்கும் 'பவுண்ட்' ஃபங்ஷன். ஃபவுண்ட்ரியின் 'அஸ்யூம்' பொருந்தாத உள்ளீட்டைத் தூக்கி எறிந்துவிடும், 'பவுண்ட்' அதை வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை முறை ரிவர்ட் ஆகாமல் முடிந்தது என்று எண்ணுங்கள். லிக்விடேஷன் (ஈடு போதாத கடனின் அடமானத்தை விற்பது) ஒருமுறைகூட வெற்றி பெறவில்லை என்றால் அது சோதிக்கப்படவே இல்லை. அடுத்து, கான்ட்ராக்ட்டில் நிபந்தனையைச் சரிபார்க்கும் ஒரு 'ரெக்வயர்' வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பச்சை என்றால் உங்கள் இன்வேரியன்ட் ஒப்புக்குச் சப்பாணி.

ஹேண்ட்லரில் எதை விட்டுவிடுகிறோம் என்பதும் முக்கியம். டோக்கனைப் போட்டால் பங்கு தரும் பெட்டகமான இஆர்சி-4626 வால்ட் ஒன்றை, தனிப் பாதுகாப்பு ஏதும் இல்லாததாக, எடுத்துக்கொள்வோம். வால்ட் காலியாக இருக்கும்போது திருடன் 1 வெய் (டோக்கனின் மிகச் சிறிய அலகு) போட்டு 1 பங்கு வாங்குகிறான். பிறகு 10,000 டோக்கனை டெபாசிட் வழியாக அல்லாமல் வால்ட்டின் முகவரிக்கே நேராக அனுப்புகிறான். அடுத்து வருபவர் 10,000 டோக்கன் போடும்போது, பங்குக் கணக்கு 1-க்குச் சற்றுக் குறைவாக வந்து, கீழ்நோக்கிச் சுருங்கி 0 ஆகிறது. இருக்கும் ஒரே பங்கு திருடனுடையது, 20,000 டோக்கனும் அவன் கையில். ஃபஸ்ஸர் இதைக் கண்டுபிடிக்க மூன்றும் வேண்டும்: நேரடியாக டோக்கன் அனுப்பும் ஒரு செயல் ஹேண்ட்லரில் இருக்க வேண்டும், தொடக்கத்தில் வால்ட் காலியாக இருக்க வேண்டும், "பூஜ்ஜியமல்லாத டெபாசிட்டுக்குப் பூஜ்ஜியப் பங்கு கூடாது" என்று எழுதியிருக்க வேண்டும். செட்டப்பிலேயே பெரிய தொகையைப் போட்டு வைத்தால் ஓட்டை மறைந்துவிடும். பலரும் வசதிக்காகச் செய்வது அதைத்தான்.

எச்சரிக்கை மழை

ஸ்லிதர் சில நேரம் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகளைக் கொட்டும். எரிச்சலில் ஒரு டிடெக்டரையே அணைத்துவிடாதீர்கள். நாளை எழுதப்போகும் கோடிலும் அது கண்ணை மூடிக்கொள்ளும். முதலில் வெளி லைப்ரரிகளை விலக்குங்கள். மீதியை ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறான எச்சரிக்கை என்று உறுதியானால் அந்த ஒரு வரிக்கு மட்டும் தடை போட்டு, பக்கத்திலேயே காரணத்தை எழுதுங்கள். ஏஐ மாடல்கள் தரும் பட்டியலுக்கும் கறாரான விதி ஒன்று வேண்டும்: ஓட்டையைச் செய்து காட்டும் டெஸ்ட் இல்லாவிட்டால் அது வெறும் சந்தேகம்தான்.

'நிரூபிக்கப்பட்டது' என்றால் எதுவரை?

எல்லா உள்ளீட்டுக்கும் சேர்த்துக் கணித ரீதியாக நிரூபிக்கப் பார்க்கும் கருவிகளும் உண்டு. அவற்றில் ஒன்றான ஹால்மோஸ் இயல்பாக லூப்பை 2 முறைதான் விரிக்கும். மூன்றாவது சுற்றில் வரும் பிழை அதற்குத் தெரியாது. டைம்அவுட் ஆன ஓட்டத்தைப் 'பிழை இல்லை' என்று பதிவு செய்வதும் நடக்கிறது. இன்னொரு கருவியான செர்டோராவில் ஒன்றுக்கொன்று முரணான நிபந்தனைகளை எழுதிவிட்டால், அவற்றுக்குப் பொருந்தும் நிலையே இருக்காது. விதி சும்மாவே தேறிவிடும். இதைக் காட்டிக்கொடுக்கும் ரூல் சானிட்டி சோதனையை எப்போதும் இயக்கி வையுங்கள்.

ஆடிட் செய்தது ஒன்று, செயினில் இருப்பது வேறு

ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் நோமாட் பிரிட்ஜ் 2022 ஆகஸ்டில் சுமார் 19 கோடி டாலரை இழந்ததற்குக் காரணம் ஓர் அப்கிரேடின்போது கொடுத்த தொடக்க மதிப்பு. செய்திகளைச் சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற மதிப்புதான் ரூட். நம்பகமான ரூட்டாகப் பூஜ்ஜியம் பதிவானது. நிரூபிக்கப்படாத எந்தச் செய்திக்கும் ரூட் அதே பூஜ்ஜியம்தான், ஆகவே எல்லாச் செய்தியும் செல்லுபடியானது. டெஸ்டின் செட்டப் தானே ஒரு நல்ல மதிப்பைக் கொடுத்துக்கொண்டால் இதை எந்த ஃபஸ்ஸரும் பார்க்காது. மெயின்நெட் ஃபோர்க்கில் (உண்மையான செயினின் நகலில்) உண்மையான டிப்ளாய் ஸ்கிரிப்டை ஓட்டி, அது விட்டுச்செல்லும் நிலையிலிருந்து இன்வேரியன்ட்களைத் தொடங்குங்கள். ஒவ்வொரு அப்கிரேடுக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

கம்பைலரும் இதில் அடக்கம். சாலிடிட்டி போன்ற இன்னொரு மொழியான வைப்பரின் 0.2.15, 0.2.16, 0.3.0 கம்பைலர் பதிப்புகளில் ரீஎன்ட்ரன்சி பூட்டு சரியாக வேலை செய்யவில்லை. 2023 ஜூலையில் கர்வ் என்ற பரிமாற்றத் தளத்தின் பூல்கள் (டோக்கன் இருப்புகள்) சில அதனால் காலியாயின. மூலக்கோடில் பூட்டு இருந்தது, அதை மட்டும் வாசித்த கருவிக்கு எல்லாம் சரி. கம்பைலர் பதிப்பையும் ஆப்டிமைசர் அமைப்பையும் நிலையாகக் குறித்து வையுங்கள். அந்தப் பதிப்புக்கு வெளியான பிழைப் பட்டியலைப் படியுங்கள். டிப்ளாய் ஆனதும், செயினில் இருக்கும் பைட்கோடை (கம்பைலர் தரும் இயந்திர வடிவத்தை) ஆடிட் ஆன கமிட்டிலிருந்து (கோடின் சேமித்த பதிப்பிலிருந்து) கம்பைல் செய்ததோடு ஒப்பிடுங்கள்.