ஒழுங்கைக்கு ஒரு மழைநீர்க் குளம்

குளத்துக்குச் சித்திரையில் இடம் பார்க்காதீர்கள். வெயிலில் எல்லா நிலமும் மட்டமாகத்தான் தெரியும். கார்த்திகை மழையில் குடையோடு இறங்கி, தண்ணீர் எந்த வளவால் வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையை நான் அப்படித்தான் அளந்தேன். பொது நிலமென்றால் உள்ளூராட்சி சபையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். பத்து வீட்டுக்கு 50,000. முற்றத்துக்கெல்லாம் சீமெந்து பூசிவிட்டோம், அது எங்கே போகும்? பத்து மீற்றர் நீள அகலத்தில் அரை மீற்றர் ஆழம் அதைத் தாங்கும். கரைச் சரிவுக்காகச் சற்று அகட்டி வெட்டுங்கள்.

நாங்கள் முதலில் வெட்டியது பிழையான குளம். கரை செங்குத்து, வண்டல் குழி இல்லை. ஒரே மாரியில் பாதி தூர்ந்துபோனது. இப்போது வாய்க்கால் விழும் வாயில் கல் பரப்பிய சிறுகுழி இருக்கிறது. மணலும் பொலித்தீனும் அதிலேயே தங்கிவிடுகின்றன. முன்பு அவை கடலுக்குப் போயின. ஆவணியில் வாரியெடுக்கிறோம். வீதி எண்ணெய் கலந்த வண்டல் அது, மரக்கறிப் பாத்திக்கு ஆகாது. கரை ஓரடி இறங்க மூன்றடி சரியட்டும். தவறி விழும் பிள்ளைக்கு ஏறி வருவது சுலபம். மிகுநீர் வழிந்தோட வான் கட்டாயம் வேண்டும்: குளக்கட்டைவிடத் தாழ்வாக, கல் பதித்து, பழைய வாய்க்காலை நோக்கி. அதில் காசு மிச்சம் பிடித்தால் கட்டு உடைந்து தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் குசினிக்குள் நிற்கும்.

“நுளம்புப் பண்ணையா வெட்டுகிறீர்கள், தம்பி?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். டெங்கு நுளம்பு பெரும்பாலும் சிரட்டையையும் டயரையும் தேடுவது. ஆனாலும் ஆழமில்லாத தேக்கம் ஒரு கிழமைக்குள் வடிய வேண்டும். நீர் நிற்கும் பகுதியில் உள்ளூர்ச் சிறுமீன் விடுங்கள், ஓரத்தில் கோரை நடுங்கள். கோரைக்குத் தும்பி வரும். அதன் குஞ்சுகள் நுளம்புப் புழுவைத் தின்னும். சல்வீனியா என்ற மிதக்கும் களை தலைகாட்டினால் அன்றே அள்ளுங்கள்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. குளத்தில் ஊறுவது அந்த மேற்படையில் சேரும். மலசலகூடக் குழிக்குக் கிட்ட மட்டும் வெட்டாதீர்கள். அக்காவின் கிணறு முன்பெல்லாம் ஆவணியில் கரிக்கும். போன ஆவணியில் அவர் அதிலேயே தேநீர் வைத்துத் தந்தார்.