பிரெய்ல் கருவி வாங்கப் போகிறீர்களா? எங்களை மாதிரி ஏமாறாதீர்கள்

பார்வையில்லாத என் தங்கச்சிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த வாரம், "காசைப் பத்திக் கவலைப்படாதீங்க, நல்ல பிரெய்ல் மெஷினா பார்த்து வாங்குங்க" என்றார் மாமா. நாங்களும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று 20 கட்ட பிரெய்ல் டிஸ்பிளே ஒன்றை வாங்கி வந்துவிட்டோம். திரையில் உள்ளதை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக ஒரே வரியில் எழுப்பிக் காட்டும் கருவி அது, ஒரு கட்டத்துக்கு ஒரு குறி. அவள் படிக்கப் போவதோ பொறியியல்.

உயர்நிலைப் பள்ளியில் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் படித்திருப்பீர்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது ஒரு நொடி வேலை. பிரெய்லில் எல்லாமே ஒரே வரிசை. பின்னம் இங்கே தொடங்குகிறது, வர்க்கமூலம் இங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி, எண் வந்தால் அதற்கு முன்னால் ஓர் எண்குறி என்று எழுதிக்கொண்டே போனால் 30 கட்டத்தைத் தாண்டிவிடும். 20 கட்டக் கருவியில் பாதிதான் விரலுக்குக் கீழே இருக்கும், பொத்தானை அழுத்தி மீதியைக் கொண்டுவந்தால் முன்பாதி போய்விடும். "அண்ணா, வால் வந்தா தலை போயிடுது" என்றாள். கணக்கு, கணினி நிரல் என்று போகிறவர்களுக்கு 40 கட்டம் வேண்டும். கட்டுரை, கதை படிக்கிறவர்களுக்கு 20 போதும். எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துப் படிக்க அதுதான் சுகம்.

இன்னொன்று, டிஸ்பிளே வந்ததும் பழைய பெர்கின்ஸ் பிரெய்லரைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. தாளில் பிரெய்ல் புள்ளிகளை அடிக்கும் தட்டச்சுப் பொறி அது. 1951லிருந்து புழக்கத்தில் இருக்கும் இயந்திரம், கிட்டத்தட்ட 5 கிலோ கனம், விரிவுரை மண்டபத்தில் அடித்தால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கும். எல்லாம் சரி. ஆனால் ஒரு கணக்கைப் படிப்படியாகப் போடும்போது முந்தைய வரிகள் எல்லாம் தாளிலேயே இருக்கின்றன, ஒரு கையால் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த வரியை அடிக்கலாம். ஒற்றை வரி டிஸ்பிளேயில் இது நடக்காது. விரிவுரையாளரிடம் கொடுக்கத்தான் அது உதவாது, அவருக்குப் பிரெய்ல் தெரியாதே. அதனால் வீட்டில் பெர்கின்ஸ், வகுப்பில் டிஸ்பிளே. தாளை மட்டும் தடிமனாக வாங்குங்கள். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் மெல்லிய தாளில் புள்ளிகள் சீக்கிரம் அமுங்கிவிடும்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. எஸ்யுஎஸ்எஸ் எனும் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியம் பட்டப்படிப்பே இருக்கிறது, அங்கே சேருகிற பிள்ளை 'க' அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி 1, புள்ளி 3 சாவிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆங்கிலத்தில் 'கே' எழுத்துக்கும் அதே புள்ளிகள்தான். கருவி ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பிரெய்லில் (அதில் ஒற்றை எழுத்தே ஒரு முழுச் சொல்லாகும்) இருந்தால், அதைத் தனியாக அடித்து இடைவெளி விட்டதும் திரையில் 'நாலெட்ஜ்' என்று வந்து நிற்கும்! 'க'வுக்கு இவ்வளவு அறிவு எதற்கு? என்விடிஏ போன்ற, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் இலவச ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் தமிழ்ப் பிரெய்ல் அட்டவணை இருக்கிறது. ஆனால் "தமிழ் வரும்" என்று விற்பனையாளர் சொல்வதோடு விட்டுவிடாமல், வாசிப்பதையும் எழுதுவதையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

பணம். வாங்கிவிட்டு ரசீதோடு போய் நிற்காதீர்கள். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை தரும், ஒருவருக்கு ஆயுள் வரம்பு 40,000 வெள்ளி. அதற்கு மதிப்பீடு, படிவம் எல்லாம் உண்டு, நாளாகும். லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜுக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய், அங்குள்ள டெக் ஏபல் எனும் உதவிக் கருவி மையத்தில் கருவிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாவிகள் சத்தமா, புள்ளிகள் கூர்மையா என்பதெல்லாம் அந்த விரலுக்குத்தான் தெரியும்.

தேர்வு அறைக்குள் அனுமதி உண்டா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். சில கருவிகளில் உள்ளே இருக்கும் கோப்புகளைப் பூட்டிவைக்கும் தேர்வு அமைப்பு இருக்கிறது.

அப்புறம் பழுது. புரோட்டா சாப்பிட்ட கையோடு டிஸ்பிளேயைத் தொட்டால் எண்ணெய் ஊசித்துளைகளில் இறங்கி, ஒரு புள்ளி எழும்பாமல் நின்றுவிடும், எழுத்தே மாறிப்போகும். எங்கே அனுப்பிப் பழுது பார்ப்பார்கள், எத்தனை வாரம் ஆகும், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த உத்தரவாத அட்டை, பொடி எழுத்தில், அச்சில்தான் இருந்தது.