டிராப் கிக் தப்பாகப் போனால் நடுவர் என்ன செய்ய வேண்டும்?

ரக்பிக்கு முதன்முதலாக விசில் பிடிக்கிறவர்கள் ஸ்க்ரம்மை (இரு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து தள்ளிப் பந்துக்காக மோதுவது) நினைத்துத்தான் பயப்படுவார்கள், டிராப் கிக்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஆட்டம் தொடங்குவதே அதில்தான். முதல் உதையே தப்பாகிவிட்டால் முப்பது பேரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்வது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனுக்கு. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கொஞ்சம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எது டிராப் கிக்?
பந்தைக் கையிலிருந்து தரையில் விட வேண்டும், அது முதல் தடவை எகிறி எழும்போது உதைக்க வேண்டும். தரையைத் தொடாமலே காலில் பட்டால் அது பண்ட். இரண்டாவது தடவை எகிறிய பிறகு உதைத்தாலும் செல்லாது.

அடுத்து, எங்கே பார்ப்பது?
புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பந்து எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே அந்தப் பக்கம் திரும்பிவிடுவது. உதைப்பவருக்குப் பக்கவாட்டில் நின்று, உதை முடியும்வரை அவர் கையையும் காலையும் மட்டும் பாருங்கள். காதும் உதவும்: பந்து தரையில் படும் சத்தமும் பூட் அடிக்கும் சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல வரும், பண்ட் என்றால் ஒரே ஒரு சத்தம்தான். மைதானம் சேறாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அப்போது கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கிக்-ஆஃப் தப்பானால்
விசில் அடியுங்கள். உடனே “திரும்ப உதை” என்று கத்திவிடாதீர்கள், ஏனென்றால் அந்த முடிவு உங்களுடையது இல்லை. பண்ட் அடித்தாலும், தப்பான இடத்திலிருந்து உதைத்தாலும், பந்து எதிரணிப் பக்கத்து 10 மீட்டர் கோட்டை எட்டாவிட்டாலும், எதிரணி கேப்டனிடம்தான் கேட்க வேண்டும்: மறுபடி உதைக்கச் சொல்லவா, இல்லை நடுக்கோட்டின் மையத்தில் உங்களுக்கு ஸ்க்ரம் வேண்டுமா? பலமான முன்வரிசை இருக்கிற கேப்டன் இரண்டாவதைத்தான் கேட்பார், நீங்கள் அவசரப்பட்டால் அவர் கையிலிருந்து ஒரு நல்ல வாய்ப்பைப் பிடுங்கிவிடுகிறீர்கள். பந்து நேராக எல்லைக்கு வெளியே போயிருந்தால் லைன்-அவுட்டையும் (எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) அவர் கேட்கலாம்.

ஒரு விதிவிலக்கு: 10 மீட்டரை எட்டாத பந்தை எதிரணியே முந்திவந்து தொட்டுவிட்டால் விசிலே வேண்டாம், ஆட்டம் தொடரும். உதைக்கும் அணியினர் பந்துக்கு முன்னால் நின்றிருந்தால் கேட்கவே வேண்டாம், நேராக ஸ்க்ரம்.

22 மீட்டர் டிராப்-அவுட்
இது ஒரு அணி தன் 22 மீட்டர் கோட்டிலிருந்தோ அதற்குப் பின்னாலிருந்தோ டிராப் கிக் அடித்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவது. இதில்தான் பண்ட் அதிகம் நடக்கும், அவசரம்தான் காரணம். எதிரணி இன்னும் தயாராகவில்லை என்று பார்த்ததும் பந்தை எடுத்து அப்படியே விளாசிவிடுவார்கள். இங்கும் எதிரணிக்கு அதே இரண்டு தேர்வுகள், ஸ்க்ரம் 22 கோட்டின் நடுவில். 2021இல் சோதனையாக வந்து அப்புறம் நிலைத்துவிட்ட கோல்-கோடு டிராப்-அவுட்டும் (தன் கோல் கோட்டிலிருந்து உதைப்பது) டிராப் கிக்தான், பண்ட் கூடாது.

ஆட்டத்தின் நடுவே
மூன்று புள்ளிக்கான டிராப் கோல் (டிராப் கிக்கால் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) முயற்சியில் தேர்வு கொடுக்கும் பேச்சே இல்லை. பந்தைக் கீழே விட்டு, அது முன்னால் போய், காலும் படவில்லை என்றால் நாக்-ஆன். எதிரணிக்குச் சாதகமாக ஆட்டம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அவர்களுக்கு ஸ்க்ரம் கொடுங்கள். நேர்க்கீழாகவோ பின்னாலோ விழுந்திருந்தால் ஆட்டம் ஓடட்டும். பண்ட் அடித்த பந்து கம்பங்களுக்கு நடுவே அழகாகப் போனாலும் புள்ளி கிடையாது, கூட்டம் எவ்வளவு கத்தினாலும் சரி. ஃப்ரீ கிக் (எதிரணியின் சின்னத் தப்புக்குக் கிடைக்கும் உதை) கிடைத்த அணி அதையே டிராப் கோலாக மாற்றவும் முடியாது. இடையில் ஒருமுறை பந்து ஆட்டத்தை விட்டு வெளியேறி ஆட்டம் நின்றிருக்க வேண்டும், அல்லது எதிரணி பந்தைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது பந்தோடு ஓடியவரை டேக்கிள் செய்திருக்க வேண்டும். இதைப் பழைய ஆட்டக்காரர்களே மறந்துவிடுவார்கள், மறந்துவிட்டு உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

செவன்ஸ்
இங்கே கிக்-ஆஃப் தப்பானால் தேர்வு ஒன்றும் இல்லை, நடுக்கோட்டின் மையத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். விசில் அடித்து, முழங்கையை மடக்கிக் கையை உயர்த்துங்கள். கேப்டனைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், 7 நிமிடப் பாதியில் அதற்கு நேரமும் இல்லை.